பொறுப்பு முடிந்த பிறகு நாள் நகரவில்லை: மகிழ்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்து மட்டும் வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு வயது 54. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். கடைசி இரண்டு ஆண்டுகள் அவருக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வடிகட்டிய கஞ்சியோ பருப்புத் தண்ணீரோ பாலோ கொடுப்பேன். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுந்து, படுக்கைப்புண் வராமல் இருக்க அவரை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைப்பேன். காற்று நிரப்பிய மெத்தையான ஏர் பெட்டின் மோட்டார் இரவு முழுவதும் மெல்ல இரைந்துகொண்டே இருக்கும்.

சென்ற ஆடியில் அம்மா காலமானார். அன்றிரவு அந்த மோட்டாரை நிறுத்தினேன். அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. கைப்பேசியில் அவருக்காக வைத்த பத்து அலாரங்களும் இன்றும் அடிக்கின்றன. நிறுத்த மனம் வரவில்லை. அடிக்கும்போது எழுந்து நிற்கிறேன், எதற்கு எழுந்தேன் என்று புரிந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன்.

எனக்குக் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. வீடு சொந்தம். அண்ணன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் "இனியாவது உனக்காக வாழ்" என்கிறார்கள். எனக்காக வாழ்வது என்றால் காலையில் எழுந்து என்ன செய்வது என்று எவரும் சொல்லவில்லை. பிடித்ததைச் செய் என்கிறார்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துவிட்டது.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். போன வாரம் தன் அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண் மறைய, தட்டுத்தடுமாறி இறங்கி வந்து, வாசலில் இருக்கும் துளசி மாடத்தைத் தட்டி, "பாட்டி, நான் வந்திருக்கேன், கதவைத் திற" என்றாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த கணமே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஓராண்டு கூட ஆகவில்லை, அதற்குள் இப்படிச் சிரிக்கிறோமே என்று நெஞ்சு அடைத்தது. இந்த நிலையைக் கடந்தவர்கள் இருந்தால், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.


பழைய தபால்காரர் எழுதியது:

சகோதரிக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் துயரத்தோடு என்னுடையதை ஒப்பிட முடியாது. ஆனால் அலாரம் அடித்ததும் எழுந்து நின்று பிறகு உட்கார்ந்துவிடுவது என்று எழுதினீர்களே, அது எனக்குத் தெரியும். 36 ஆண்டுகள் தபால் பட்டுவாடா செய்தவன் நான். ஓய்வு பெற்ற மறுவாரம் காலையில் குளித்து, சட்டை மாட்டி, சைக்கிளைத் துடைத்த பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. மூன்று மாதங்கள் திண்ணையிலேயே கழிந்தன. மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நான் வெளியே வந்த வழி மிகச் சிறியது. எங்கள் வீட்டு வாசலுக்கே பால் பாக்கெட் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆவின் பூத்துக்கு நடந்து போய் நானே வாங்கி வரத் தொடங்கினேன். மகிழ்ச்சிக்காகப் போகவில்லை, பாலுக்காகப் போனேன். நான் போகவில்லையென்றால் வீட்டில் காப்பி இல்லை. அதனால் மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போயாக வேண்டும். முதல் பத்து நாள் பால் வாங்கினேன், திரும்பினேன், அவ்வளவுதான். பிறகு பூத்துக்காரர் "வாங்க ஐயா" என்றார். அதன் பிறகு, அதே நேரத்துக்கு வருகிற இரண்டு பேருடன் நின்று பேசும் பழக்கம் வந்தது. ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அவர்கள் இருவரும் பாலோடு என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

மனம் சரியான பிறகு வெளியே போகலாம் என்று திண்ணையில் காத்திருந்தேனே, அந்த மூன்று மாதங்கள்தான் வீண்.


வார்டு செவிலி எழுதியது:

அம்மா, நான் மனநலப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறேன். இணையத்தில் படித்து உங்கள் நிலை இன்னதென்று சொல்வது முறையல்ல, சொல்லவும் மாட்டேன். ஆனால் முதலில் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். உடல் சோர்வும், எதிலும் நாட்டமின்மையும் துயரத்தால் மட்டும் வருபவை அல்ல. உங்கள் வயதில் தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் ஏறத்தாழ இதே முகத்தைக் காட்டும். ஏழு ஆண்டுகள் உங்கள் உடம்பை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவரிடம் தூக்கம், பசி, நாட்டமின்மை மூன்றையும் சொல்லுங்கள். இவை நாள் முழுவதும், ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று கருதி மருத்துவர் பார்ப்பார். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை அது, கட்டணம் கிடையாது.

இனி, பழைய தபால்காரர் ஐயா சொன்னதைப் பற்றி. அவர் தாமாகக் கண்டுபிடித்ததற்கு மனநல மருத்துவத்தில் ஒரு முறையான சிகிச்சையே உண்டு. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இதற்கு அடித்தளம் இட்டார். இழப்பு வருகிறது, மனிதர்களிடமிருந்து விலகுகிறோம். விலகியதால் நாளில் மனத்துக்கு இதமான எதுவும் நேராமல் போகிறது. எதுவும் நேராததால் மனம் இன்னும் தாழ்கிறது. தாழ்ந்த மனம் இன்னும் விலகச் சொல்கிறது. இந்தச் சுழலை மனத்தின் பக்கத்திலிருந்து உடைப்பது கடினம், செயலின் பக்கத்திலிருந்து உடைப்பது எளிது என்பதே அந்த முறையின் சாரம். மனம் வந்தால் செய்வோம் என்று இருக்காமல், செய்துவிட்டு மனம் வருவதற்குக் காத்திருப்பது.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். கோவாவில் சங்கத் என்னும் தொண்டு நிறுவனத்தோடு மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு அதனுடன் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இந்தச் செயல்வழி ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதங்களில் முதல் பிரிவில் 39 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், ஆலோசனை பெற்ற பிரிவில் 64 சதவீதம்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம், எதையும் மாற்றாமல், மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் மனநிலைக்குச் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். உங்களுக்குப் பிடித்தது எது என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த நோட்டு சொல்லும். அலாரங்களை அழிக்க வேண்டாம். ஏழு ஆண்டுகள் உங்கள் உடம்பு அந்த மணிகளில்தான் ஓடியிருக்கிறது.


இரவு ஷிப்ட் எழுதியது:

மூத்தவர்கள் பேசும் இடத்தில் மாறுபட்டுப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். மேலே எழுதியவை அனைத்தும் நேரம் உள்ளவர்களுக்குப் பொருந்தும். எனக்கு வயது 32. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நோட்டு வைத்து மணிக்கு மணி எழுதினால், "நின்றேன், நின்றேன், கம்பெனி பஸ்ஸில் தூங்கினேன்" என்றுதான் இருக்கும். அப்பா நான்கு மாதங்களாகப் படுத்த படுக்கையாகப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஊரில் இருக்கிறார்; அம்மா ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். மாதம் ஒரு முறை போனால் பெரிது. வாடகை, கடன் தவணை, மருந்துச் செலவு போக மீதமிருப்பதில் பாலுக்கு நடந்து போகிற நிம்மதி எனக்கு வாய்க்கவில்லை. மகிழ்ச்சி என்பது தனிமனிதர் முயற்சியால் வருவது என்று பேசப் பேச, வராதவன் முயற்சி செய்யவில்லை என்ற பழி அவன் மேலேயே விழுகிறது. காவிரிக்கரை அம்மா மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் எழுதியதைப் படித்தபோது எங்கள் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.


காவிரிக்கரையாள் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடும் இல்லை. அம்மா படுத்திருந்த ஏழு ஆண்டுகளில் எவராவது என்னிடம் மகிழ்ச்சியாக இரு என்று சொல்லியிருந்தால் கோபம்தான் வந்திருக்கும். அப்போது எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மணி நேரம் வேறொருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. உங்கள் அப்பாவுக்கு முதுகில், இடுப்பு எலும்பின் மேல், குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா என்று அம்மாவை தினமும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு மாறவில்லை என்றால் புண் தொடங்குகிறது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். அம்மாவுக்குத் திருப்பும் அளவு பலம் இருக்கிறதா?


வார்டு செவிலி எழுதியது:

இரவு ஷிப்ட் தம்பி எழுப்பிய மறுப்பு நியாயமானது. உறக்கமும் வருமானமும் நிலையில்லாத ஒருவருக்கு நோட்டைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வது போதாது. பொறுப்பில் ஒரு பகுதியை எவராவது ஏற்பதுதான் அவருக்கான மருந்து. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரை "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வந்து தர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அம்மாவால் அலைய முடியாது என்றால், நீங்கள் ஊருக்குப் போகும் அடுத்த முறை இந்த ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள்.


உரை படிப்பவள் எழுதியது:

நான் தமிழாசிரியை. காவிரிக்கரையாளின் சிரிப்பைப் பற்றி மட்டும் சிறிது விரிவாகப் பேச விரும்புகிறேன். அந்தச் சிரிப்புக்காக அவர் அழுதது என்னை மூன்று நாட்களாக விடவில்லை.

உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை மெய்ப்பாடுகள் என்று அழைத்து, அவை எட்டு என்று தொல்காப்பியம் வகுக்கிறது. நகை முதலில் வருகிறது, உவகை எட்டாவதாக, கடைசியில் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. சிரிப்பு வேறு, மகிழ்ச்சி வேறு என்று தெளிவாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறது. நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து. குழந்தை துளசி மாடத்தைப் பாட்டி என்று அழைத்ததில் இளமையும் இருக்கிறது, பேதைமையும் இருக்கிறது. அந்த இடத்தில் நகை தோன்றவில்லை என்றால்தான் வியப்பு. அது உங்கள் துயரம் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அன்று; உங்கள் கண்ணும் காதும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அடையாளம். அழுகைக்குச் சொல்லப்பட்ட நான்கில் இழவும் ஒன்று. இழவு இருக்கும் வீட்டில் இளமை வந்து கதவைத் தட்டினால் இரண்டு மெய்ப்பாடும் அடுத்தடுத்து வரும். மெய்ப்பாடு என்றாலே மெய்யில் படுவதுதானே. உடம்பு நம்மைக் கேட்டுக்கொண்டு சிரிப்பதில்லை, கேட்டுக்கொண்டு அழுவதும் இல்லை. ஆகவே அம்மாவுக்கு நீங்கள் இழைத்த குற்றம் எதுவும் அதில் இல்லை.

உவகைக்கு உரிய நான்கு, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. "அல்லல் நீத்த உவகை" என்பது அந்த நூற்பாவின் சொல். செல்வம் என்பது துய்க்கும் வளம். புலன் என்பதை அறிவு என்று கொள்ளலாம். புணர்வு என்பதில் கூடுதல், சேர்ந்திருத்தல் என்ற பொருள் அடங்கும். செவிலியார் இன்றைய மருத்துவ மொழியில் சொன்னதற்கும் இதற்கும் உள்ள உறவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மகிழ்ச்சியை நேராகப் போய்ப் பிடிக்க நூற்பா சொல்லவில்லை. அது விளையும் நிலம் எது என்று சொல்கிறது. செல்வம் முதலில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இரவு ஷிப்ட் தம்பிக்குச் சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்பது பேராசை அன்று.


புலரி எழுதியது:

எனக்கு உதவியது, ஒவ்வொரு இரவும் அன்று நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களை எழுதுவது. எதிர்மறை எண்ணம் வந்தால் உடனே நேர்மறையாக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் நம் எண்ணத்தில்தான் இருக்கிறது. ஒரு நல்ல பயணம் போய் வாருங்கள், புத்துணர்ச்சி கிடைக்கும்.


காவிரிக்கரையாள் எழுதியது:

அன்புக்கு நன்றி. அண்ணனும் காசிக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். அம்மாவின் வருடத் திதி முடியும்வரை நான் எங்கும் போவதாக இல்லை. ஆனாலும் சில இரவுகளில், காசிக்குப் போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. அதற்காகக் காத்திருக்கலாமா?


வார்டு செவிலி எழுதியது:

நன்றிக் குறிப்பு எழுதுவது பலருக்கு உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வருத்தம் வந்த உடனே அதை மாற்றியாக வேண்டும் என்ற கட்டளை, துயரத்தில் இருப்பவருக்கு இரண்டாவது சுமையாகிவிடும். அழுகை வந்தால் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, செய்ய நினைத்ததைச் செய்தால் போதும்.

காசிப் பயணம் நல்லது, போய் வாருங்கள். காத்திருக்கத்தான் வேண்டாம். 1978-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரைக் கேட்டார்கள். பரிசு பெறாதவர்களைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கேள்வியின் விடை. நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது, நகைச்சுவை கேட்பது போன்ற அன்றாடச் செயல்களில் அவர்கள் பெற்ற இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆயினும் வார்டில் நான் பார்ப்பதும் அதுவே. பெரிய நாள் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அதுவரையிலான நாட்கள் எல்லாம் வெறும் காத்திருப்பு அறையாகிவிடுகின்றன.


காவிரிக்கரையாள், மூன்று வாரங்கள் கழித்து எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நான் பட்டிருக்கும் கடனுக்கு, நடந்ததை ஒளிக்காமல் எழுதுவதுதான் முறை.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பது தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடியும் பரிசோதனை. சோம்பல் என்று என்னை நானே ஏசிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு சுரப்பிக் கோளாறு. அது தெரிந்த அன்று மருத்துவமனை வாசலிலேயே எனக்கு ஒரு விடுதலை உணர்ச்சி வந்தது. மனத்தைப் பற்றியும் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த முறையும் அதைப் பேச வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நோட்டை ஒரு வாரம் எழுதினேன். முதல் மூன்று நாட்களில் இரண்டு, ஒன்று, இரண்டு என்றுதான் மதிப்பெண். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை எல்லா நாளும் சுழியம். அது அம்மாவைத் துடைத்து, பவுடர் போட்டு, தலைவாரிப் பின்னலிடும் நேரம். நோட்டில் பார்த்த பிறகுதான் அதை நானே அறிந்தேன்.

ஐந்தாம் நாள் மட்டும் ஓர் இடத்தில் ஏழு. எதிர்வீட்டுப் பெரியவரை மூக்குக் குழாயோடு மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அவர் மருமகள் கைநடுங்க சிரிஞ்சைப் பிடித்திருந்தாள். தலைப்பக்கத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், குழாயில் போட்ட குறி இடம் மாறாமல் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்க வேண்டும், கஞ்சியை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்கும்படி சிரிஞ்சை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவி, அரை மணி நேரமாவது அவரைச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் காட்டினேன். அடுத்த வேளை அவளே கொடுத்தாள். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். வீட்டுக்கு வந்து ஏழு என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஆறு மணி அலாரத்துக்கு இப்போது நடக்கப் போகிறேன். முதல் நாள் தெருமுனை வரை மட்டுமே போனேன். அழுகை வந்து திரும்பிவிட்டேன். இப்போது மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றி வருகிறேன். குளக்கரை மண்டபங்கள் பதினாறு என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் எண்ணினேன், பதினைந்துதான் வந்தது. மறுநாள் விட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காகவே போனேன். நாளை என்று ஒன்றை எதிர்பார்த்து நான் படுத்தது எட்டு மாதங்களில் அன்றுதான்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. எனக்கு நிறைவு தருவது மறுபடியும் நோயாளிப் பணிவிடைதான் என்றால், ஏழு ஆண்டுகள் என்னை உருக்கிய வேலைக்கே நான் திரும்பிப் போகிறேனா?


உரை படிப்பவள் எழுதியது:

அந்த ஏழு மதிப்பெண்ணை உவகை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பெருமிதம் என்று பெயர். பெருமிதத்தின் நிலைக்களன்களில் கல்வியும் கொடையும் உண்டு. நீங்கள் கற்றதை ஒருவருக்குக் கொடுத்தீர்கள். பணிவிடை செய்தது அந்தப் பெண். நீங்கள் செய்தது ஆசிரியப் பணி. கைகட்டி நின்றேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.


வார்டு செவிலி எழுதியது:

உங்கள் பயம் சரியான பயம், அதைக் கைவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள், கற்றுக்கொடுப்பது மட்டும் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எவர் அழைத்தாலும் போக வேண்டாம். மகாமகக் குளத்துச் சுற்றை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றவர்களுக்குப் பயன்படாத, உங்களுக்கு மட்டுமே உரிய ஒன்று நாளில் இருந்தே தீர வேண்டும்.


பழைய தபால்காரர் எழுதியது:

பதினாறாவது மண்டபம் கிடைத்ததா சகோதரி? எங்கள் பூத்தில் இரண்டு நாட்களாக அதுதான் பேச்சு.


இரவு ஷிப்ட் எழுதியது:

நான் முன்பு எழுதியதில் கசப்பு சற்று அதிகம். செவிலியார் சொன்னபடி போன வாரம் ஊரில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார்கள். குதிகாலில், காவிரிக்கரை அம்மா சொன்ன அந்தச் சிவப்பு இருக்கிறது. காவிரிக்கரை அம்மா, உங்களிடம் ஒரு கேள்வி. ஏர் பெட் எந்த வகை வாங்குவது நல்லது? விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அப்பாவைத் திருப்பும்போது எங்கள் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதை அவர் என்னிடம் சொல்வதில்லை, தங்கைதான் சொன்னாள்.


காவிரிக்கரையாள் எழுதியது:

ஐயா, கிடைத்தது. ஒரு டீக்கடையின் தட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. பூத்தில் சொல்லிவிடுங்கள்.

தம்பி, நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். அம்மாவின் ஏர் பெட் என்னிடம் இருக்கிறது. எட்டு மாதங்களாக அதைத் தொடவில்லை. நேற்று பிரித்துச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மாடியில் நிழலில் உலர்த்தினேன். மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பழைய இரைச்சல் கேட்டது. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காற்றுக் குழாய் ஒன்றின் முனை தளர்ந்திருக்கிறது, டேப் சுற்றி இறுக்கியிருக்கிறேன். மற்றபடி எல்லா அறைகளும் மாறி மாறி நிரம்புகின்றன. உங்கள் ஊர் இங்கிருந்து பக்கம்தான். அடுத்த முறை வரும்போது, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். மெத்தையின் மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்புதான் போட வேண்டும். தடித்த போர்வை போட்டால் பயனில்லை. அதை நேரில் காட்டுகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இடுப்புப் பிடிக்காமல் ஒருவரைத் திருப்ப ஒரு வழி இருக்கிறது. படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கட்டிலில் ஊன்றி இழுக்க வேண்டும். எழுத்தில் சொன்னால் விளங்காது, உங்கள் அம்மாவிடம் நானே பேசுகிறேன். அவருக்குப் பிற்பகல் இரண்டு மணி ஒத்துவருமா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் எனக்கும் அலாரம் அடிக்கும்.